கேஜில் பூஜ்யம், திரையில் 50 பார்

மதுரை அருகே கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ரப்பர் மோல்டிங் பட்டறை நடத்தும் வாசகர் கேட்கிறார்: "ஹைட்ராலிக் பிரஸ்ஸில் சீமென்ஸ் எஸ்7-1200, 1214சி பிஎல்சி (மெஷினை இயக்கும் சிறு கம்ப்யூட்டர்) ஓடுகிறது. 250 பார், 4-20 மில்லிஆம்பியர் பிரஷர் டிரான்ஸ்மிட்டர் ஒன்றும், மேல்தட்டு, கீழ்த்தட்டுக்கு வெப்பம் பார்க்க பிடி100 சென்சார் இரண்டும் சேர்க்க வேண்டும். ஒரு அனலாக் மாட்யூல் வாங்கினால் மூன்றுக்கும் போதுமா? பிஎல்சியிலேயே இரண்டு அனலாக் இன்புட் சும்மா கிடக்கிறதே?"

போதாது. பிடி100 கரண்டோ வோல்ட்டேஜோ தருவதில்லை. அது சூடானால் மதிப்பு மாறும் வெறும் ரெசிஸ்டன்ஸ். பூஜ்யம் டிகிரியில் 100 ஓம், உங்கள் மோல்டு ஓடும் 170 டிகிரியில் கிட்டத்தட்ட 165 ஓம். சாதாரண அனலாக் மாட்யூலில் நேராகக் கட்டினால் உளறும். இரண்டு தட்டுக்கும், இப்படி ரெசிஸ்டன்ஸை அளந்து வெப்பம் சொல்லும் ஆர்டிடி மாட்யூல்தான் என் சிபாரிசு. மூன்று வயர் சென்சாராக வாங்குங்கள், வயரின் ரெசிஸ்டன்ஸ் கழிந்துவிடும். 170.0 டிகிரியை அது 1700 என்று கொடுக்கும்; பத்தால் வகுத்தால் வேலை முடிந்தது.

பிரஷருக்குச் சும்மா கிடக்கும் அந்த இன்புட்டே போதும், ஆனால் அது 0-10 வோல்ட் மட்டும்தான் வாங்கும். டிரான்ஸ்மிட்டர் பூஜ்யம் பாருக்கு 4 மில்லிஆம்பியரும், 250 பாருக்கு 20 மில்லிஆம்பியரும் தரும். அந்தக் கரண்டை 500 ஓம் ரெசிஸ்டர் வழியாக விட்டால் 20 மில்லிஆம்பியர் 10 வோல்ட் ஆகும், 4 மில்லிஆம்பியர் 2 வோல்ட் ஆகும். அரை வாட், 0.1 சதவீத ரெசிஸ்டர் போடுங்கள். கால் வாட் தாங்கும்தான், ஆனால் 0.2 வாட் அதிலேயே எரிவதால் எனக்கு மனசு ஒப்பாது. ரெசிஸ்டரெல்லாம் வேண்டாம் என்றால் கரண்ட் மாட்யூல் வாங்கிக்கொள்ளுங்கள். 1214சியின் வலப்பக்கம் எட்டு மாட்யூல் வரை மாட்டலாம்.

இனிதான் எல்லாரும் சறுக்கும் இடம். திருமங்கலம் பக்கம் ஒரு பிரஸ்ஸில் கேஜ் பூஜ்யத்தில் நிற்க, திரை மட்டும் 50 பார் காட்டிக்கொண்டிருந்தது. டிரான்ஸ்மிட்டரை இரண்டு தடவை மாற்றிவிட்டார்கள். கோளாறு சென்சாரில் இல்லை. கரண்ட் மாட்யூலை 0-20 என்று வைத்துவிட்டு, புரோகிராமில் 0 முதல் 27648 வரையை (ரேஞ்சின் முழு அளவுக்கு பிஎல்சியில் வரும் எண் 27648) 0-250 பார் என்று ஸ்கேல் செய்திருந்தார்கள். 4 மில்லிஆம்பியருக்கு அந்த ரேஞ்சில் எண் 5530, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. 250இல் ஐந்தில் ஒரு பங்கு 50. மாட்யூலில் 4-20 என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. ரெசிஸ்டர் வழியில் போனால் அப்படி மாற்ற வசதி இல்லை. அங்கே 5530ஐயே பூஜ்யம் பார் என்று எழுத வேண்டும்.

வயரிங்கில் கவனிக்க வேண்டியது ஒன்று. இரண்டு வயர் டிரான்ஸ்மிட்டருக்கு மாட்யூல் தானாகப் பவர் தராது. 24 வோல்ட் பிளஸ் டிரான்ஸ்மிட்டருக்குப் போய், அதன் மைனஸ் மாட்யூலின் பிளஸ் இன்புட்டுக்கு வர வேண்டும். மாட்யூலின் மைனஸ் அதே சப்ளையின் மைனஸில் சேர வேண்டும். அது சேராவிட்டால் எண் ஆடும். ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். ஹீட்டர் வயரோடு ஒரே டக்டில் போட வேண்டாம். மின்சார இரைச்சலை வடிகட்டும் ஃபில்டரை மாட்யூல் செட்டிங்கில் 50 ஹெர்ட்ஸில் வையுங்கள்.

பவரை அணைக்காமல் மாட்யூலைச் செருகாதீர்கள். மாட்டிய பிறகு டிஐஏ போர்ட்டலில் (சீமென்ஸின் புரோகிராமிங் சாஃப்ட்வேர்) ஹார்ட்வேர் கான்ஃபிகரேஷனில் சேர்த்து டவுன்லோட் செய்ய வேண்டும், அப்போது பிஎல்சி ஸ்டாப்புக்குப் போகும். ஷிஃப்ட் நடுவே செய்யாதீர்கள். மாதாந்திர மின்தடை நாளில் மாட்டி வைக்கலாம். டவுன்லோடுக்கு மட்டும் கரண்ட் வரும்வரை காத்திருக்க வேண்டும், லேப்டாப்பில் சார்ஜ் இருந்தாலும் பேனலில் இருக்காதே.

அப்புறம், பிடி100ஐத் தட்டில் பொருத்துமுன் கொதிக்கிற தண்ணீரில் நுனியை விட்டுப் பாருங்கள். திரையில் 100க்கு ஓரிரு டிகிரி அக்கம்பக்கம் வர வேண்டும். வராவிட்டால் நுனி கொதிநீரில் இருக்கும்போதே சென்சாரின் வயரை மாட்யூலிலிருந்து கழற்றி மீட்டரில் ஓம் அளந்து பாருங்கள்: 138 வந்தால் சென்சார் நல்லதுதான், வயரையும் செட்டிங்கையும் பாருங்கள்.