ருவாண்டாவில் ஒரு ஐஸ்கிரீம் கடை

அன்புள்ள ஐயா,

நியூயார்க் புரூக்ளினில் உள்ள ஒரு சின்ன ஐஸ்கிரீம் கடை, ருவாண்டாப் பெண்கள் ஐஸ்கிரீம் கடை தொடங்க உதவியதைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் பார்த்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. 8 லட்சம் பேரை வெட்டிச் சாய்த்த நாட்டுக்கு ஐஸ்கிரீமா? அந்தப் பணத்தில் ஒரு பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ கட்டியிருக்கலாமே. பணக்கார நாட்டுக்காரர்கள் தங்கள் மனத்திருப்திக்குச் செய்த காரியமாகவே படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

இந்த யோசனை புரூக்ளினில் பிறந்ததல்ல. ஐஸ்கிரீம் கடை வேண்டும் என்று கேட்டவர் ஓடில் கட்டெசே என்ற ருவாண்டா நாடகக் கலைஞர். ‘கிக்கி’ என்றால் அங்கே தெரியும். கேட்டது புரூக்ளினில் 2007-இல் ‘புளூ மார்பிள்’ கடையைத் தொடங்கிய ஜென்னி டண்டஸ், அலெக்சிஸ் மீசன் என்ற இரு பெண்களிடம். ஐஸ்கிரீம் கடைக்காரர்களிடம் போய் யார் ஆஸ்பத்திரி கட்டித் தரச் சொல்வார்கள்? அவர்களுக்குத் தெரிந்த தொழிலைத்தான் கிக்கி கேட்டார். உதவியில் இது முக்கியமான இடம் என்று நினைக்கிறேன். கொடுப்பவர் தீர்மானித்து இறக்கியதல்ல, வாங்குபவர் தேர்ந்தெடுத்துக் கேட்டது.

கிக்கி அதற்கு முன்பே புட்டாரே நகரில் ‘இங்கோமா ன்ஷ்யா’ என்ற பெண்கள் முரசுக் குழுவைத் தொடங்கியிருந்தார். ருவாண்டாவில் முரசு ஆண்களுடையது. பெண்கள் அதைத் தொடுவதே கூடாது என்றிருந்தது. 1994 படுகொலையில் ஹுட்டுத் தீவிரவாதிகள் குறிவைத்தது சிறுபான்மை டுட்சி இனத்தவரை. அந்தக் குழுவில் அப்போது கணவனைப் பறிகொடுத்த டுட்சிப் பெண்களும் இருந்தார்கள், கொலை வழக்கில் கணவன் சிறையில் இருக்கும் பெண்களும் இருந்தார்கள்.

எந்த ஊரில் என்பதையும் பாருங்கள். 1994 ஏப்ரலில் நாடெங்கும் கொலை நடந்துகொண்டிருந்தபோது புட்டாரே சுமார் இரண்டு வாரம் தாக்குப்பிடித்தது. அங்கிருந்த ஆட்சியர் ழான்-பாப்டிஸ்ட் ஹபியாலிமானா, நாட்டிலேயே ஒரே டுட்சி ஆட்சியர், கொலைகாரர்களை உள்ளே விடவில்லை. அவரைப் பதவியிலிருந்து தூக்கினார்கள். ஏப்ரல் 19 அன்று இடைக்கால அதிபரே வந்து கூட்டத்தில் பேசிக் கொலைக்குத் தூண்டினார். அதன்பின் ஊர் ரத்தக்காடானது. பிற்பாடு ஹபியாலிமானாவையும் கொன்றார்கள். அந்த மாவட்டத்துப் பெண்ணான பாலின் ந்யிராமசுஹுகோ அப்போது பெண்கள் நலத்துறை அமைச்சர். வன்புணர்வுக் குற்றமும் சேர்த்து 2011-இல் சர்வதேசத் தீர்ப்பாயம் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது; 2015-இல் மேல்முறையீட்டில் அது 47 ஆண்டாகக் குறைந்தது.

அந்தத் தீர்ப்புக்கு முந்தைய ஆண்டு, 2010-இல், அதே ஊரில் முரசுக் குழுப் பெண்களின் ‘இன்சோசி ன்சிசா’ ஐஸ்கிரீம் கடை திறந்தது. இனிய கனவுகள் என்று பொருள். கிராம நீதிமன்றங்களில் படுகொலை வழக்குகள் அப்போதும் முடிந்தபாடில்லை. அந்த நிலையில் இந்தப் பெண்கள் ஒரே கூட்டுறவில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். இதை எந்த ஆஸ்பத்திரிக் கட்டடமும் செய்திருக்காது.

தொழில் கற்பது லேசுப்பட்ட வேலையும் இல்லை. அவர்களில் பெரும்பாலானோர் அதுவரை ஐஸ்கிரீமை வாயில் வைத்ததே இல்லை. சாஃப்டி மெஷின் என்றால் கலவையை ஊற்றிக் கைப்பிடியை இழுத்தால் போதும் என்று நினைப்போம். கடை அடைக்கும்போது மிச்சக் கலவையை வடித்து, மூக்கைக் கழற்றி, உள்ளே சுழலும் அலகையும் ரப்பர் வளையங்களையும் பிரித்துத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி கலந்த தண்ணீரை ஓட்டி, மறுபடி பூட்ட வேண்டும். வளையத்தின் இடுக்கில் பால் ஒட்டியிருந்தால் போதும், கோன் வாங்கிய குழந்தைக்கு வயிறு கெட்டுவிடும். கலவையை எந்நேரமும் 4 டிகிரி வாக்கில் வைத்திருக்க வேண்டும், கரண்ட் போனால் என்ன செய்வது என்றும் தெரிந்திருக்க வேண்டும். பணத்தை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டால் இதெல்லாம் கைக்கு வராது. கூட நின்று சொல்லிக்கொடுக்கத் தொழில் தெரிந்த ஆள் வேண்டும். விற்பதிலும் சிக்கல் உண்டு. பெரியவர்கள் தெருவில் நின்று தின்பதை அங்கே மரியாதைக் குறைவாகப் பார்ப்பார்கள். ஆனால் பால் அவர்கள் உயிரோடு கலந்தது. பால் குடிப்பதற்கென்றே கடைகள் உள்ள நாடு அது. பல்கலைக்கழக ஊர் என்பதால் மாணவர் கூட்டமும் உண்டு.

ஓர் இடத்தில் உங்கள் கேள்வி சரி. ஒரு கடையால் சிலருக்குத்தான் சம்பளம் கொடுக்க முடியும். குழுவில் இருந்தவர்களோ அதைவிடப் பல மடங்கு. கவுண்டருக்கு வெளியே நின்றவர்களின் ஏமாற்றத்தை நானும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் ஆஸ்பத்திரி என்றீர்களே, ருவாண்டாவில் அதற்குள் போக முதலில் வேண்டியது மருத்துவக் காப்பீட்டு அட்டை. கடை திறந்த காலத்தில் அதற்கு ஆளுக்கு ஆண்டுச் சந்தா 1000 ருவாண்டா பிராங்க், ஏறக்குறைய 2 டாலர். நான்கு பிள்ளைகளுள்ள விதவை 5 பேருக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும். அதைக் கட்டப் பணம் எங்கிருந்து வரும், எஸ்.? மாதச் சம்பளத்திலிருந்துதான்.