கால்வாயில் கயாக், கரையில் பப்: ஒரு சனிக்கிழமைக்கான திட்டம்

கேள்வி: இங்கிலாந்தில் பிரிஸ்டலில் வேலை பார்க்கும் நண்பர்கள் நான்கு பேர் நாங்கள். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, கால்வாயில் கயாக் ஓட்டிக்கொண்டு வழியில் இருக்கும் பப்களில் நின்று நின்று போக ஆசை. இரண்டு பேருக்கு நீச்சல் அரைகுறை. ஒருவர் குடிக்க மாட்டார். யாரிடமும் கார் இல்லை. எந்தப் பாதை சரிவரும்? எவ்வளவு தூரம் வைத்துக்கொள்ளலாம்?

பதில்: உங்களுக்குத் தோதான பாதை பக்கத்திலேயே இருக்கிறது. கென்னட் அண்ட் ஏவன் கால்வாயில், பாத் நகரின் மேல் லாக்கில் தொடங்கி பிராட்ஃபோர்டு ஆன் ஏவன் வரை சுமார் 15 கிலோமீட்டர். நடுவில் ஒரு லாக் கூட இல்லை. முதல் பயணத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

தூரத்தை விட லாக்கைத்தான் முதலில் எண்ண வேண்டும். லாக் என்பது படகை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டி. கயாக்கில் வருபவர்கள் அதற்குள் போகாமல், ஒவ்வொரு லாக்கிலும் கரையேறி, படகைத் தூக்கிக்கொண்டு நடந்து, மறுபக்கம் இறக்க வேண்டும். நான்கு பேர், இரண்டு இருவர் படகு என்றால் ஒரு லாக்குக்குக் கால் மணி நேரம் போய்விடும். இதே கால்வாயில் டிவைஸிஸ் ஊருக்குப் பக்கத்தில் வரிசையாக 29 லாக்குகள் உண்டு. அங்கே போனால் நாள் முழுக்கப் படகு சுமக்கத்தான் நேரம் இருக்கும். பாத் ரயில் நிலையத்துக்கு அருகிலேயே கால்வாய் தொடங்குகிறதே என்று அங்கே இறங்கிவிடாதீர்கள். அதற்கு மேலே 6 லாக்குகள், அதில் ஒன்றின் ஆழம் கிட்டத்தட்ட 6 மீட்டர். காற்றடைத்த கயாக்காக இருந்தால் சுருட்டி முதுகில் போட்டுக்கொண்டு மேல் லாக் வரை நடந்துவிடுங்கள். ஏற்றம்தான், ஆனால் ஒரே ஏற்றம்.

காலை 9.30-க்குத் தண்ணீரில் இறங்கினால் நன்றாக இருக்கும். கால்வாயில் நீரோட்டம் கிட்டத்தட்ட இல்லை, அதனால் புதியவர்கள் மணிக்கு 4 கிலோமீட்டர் போவார்கள். எதிர்க்காற்று என்றால் 3. துடுப்பு போடுவதற்கு நான்கு மணி நேரம், நிற்பதற்கு மூன்று மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். புறப்பட்டதும் சிட்னி கார்டன்ஸில் இரண்டு குட்டிச் சுரங்கங்கள் வரும். எதிரே படகு வருகிறதா என்று நின்று பார்த்துவிட்டு நுழையுங்கள். ஒரு சுரங்கத்துக்கு மேலேயே ஒரு மாளிகை நிற்கிறது, கிளீவ்லாண்ட் ஹவுஸ். ஒரு காலத்தில் கால்வாய்க் கம்பெனியின் அலுவலகம் அது.

மூன்று கிலோமீட்டரில் பாதாம்டன். கரையை ஒட்டியே ‘தி ஜார்ஜ்’ என்ற பப். அங்கே காபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் பாக்கி. அடுத்து கிளாவர்டன். கீழே ஓடும் ஏவன் நதியின் விசையாலேயே சக்கரத்தைச் சுற்றி, அதே நதித் தண்ணீரைக் கால்வாய்க்கு ஏற்றிய நீரேற்று நிலையம் அங்கே இருக்கிறது. 1813-இல் ஓட ஆரம்பித்தது. திறந்திருக்கும் நாளாக அமைந்தால் விட்டுவிடாதீர்கள். அப்புறம் டண்டஸ் பாலம். நதிக்கு மேலே கல் பாலம், அந்தப் பாலத்துக்குள் கால்வாய், அதில் நீங்கள். இந்த வழியில் நான் எத்தனை தடவை போயிருந்தாலும் அந்த இடத்தில் துடுப்பை மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

ஆனால் அங்கேதான் கவனமும் வேண்டும். டண்டஸிலும் சரி, அடுத்து வரும் ஏவன்கிளிஃப் பாலத்திலும் சரி, இரண்டு முனையிலும் கால்வாய் சட்டென்று திரும்புகிறது. எதிரே வரும் நேரோபோட் தெரியாது. கால்வாய்க்கென்றே கட்டிய ஒடுக்கமான, நீளமான படகு அது. முதலில் ஒரு இரும்பு மூக்கு தெரியும். பிறகு பூத்தொட்டிகள், கூரையில் கிடக்கும் சைக்கிள், விறகு மூட்டை எல்லாம் மெதுவாகக் கடந்து போகும். கடைசியில்தான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆள் வருவார். நேரோபோட் 20 மீட்டர் நீளம் கூட இருக்கும், ஓட்டுபவர் பின்கோடியில் நிற்பார். மூக்குக்கு அடியில் இருக்கும் கயாக் அவர் கண்ணில் படாது, பட்டாலும் உடனே நிறுத்த பிரேக் கிடையாது. எனவே வலது பக்கமாகவே போங்கள், திருப்பத்துக்கு முன் விசில் ஊதுங்கள். ஒரு நீண்ட ஹாரன் கேட்டால் ‘வருகிறேன்’ என்று அர்த்தம், கரையோடு ஒதுங்கி நில்லுங்கள்.

சாப்பாட்டுக்கு ஏவன்கிளிஃப். பாலத்துக்குக் கீழே, நதியைப் பார்த்தபடி ‘கிராஸ் கன்ஸ்’ இருக்கிறது. பப் திறந்திருப்பது வேறு, அதன் அடுப்படி திறந்திருப்பது வேறு. பல பப்களில் மதியச் சமையல் இரண்டு, இரண்டரைக்கு நின்றுவிடும், மறுபடி மாலைதான். ஒரு தடவை நான் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு கால்வாய்க்கரை பப்பில் மூன்று மணிக்குப் போய் நின்றேன். எல்லோருக்கும் கொலைப்பசி, கிடைத்தது உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட் மட்டும். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமையே போன் போட்டு, பப் அன்று திறந்திருக்கிறதா, சாப்பாடு எத்தனை மணி வரை என்று கேட்டு மேசையும் சொல்லிவைத்துவிடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பெரும்பாலும் கவுண்டரில் போய்ச் சொல்லிக் காசு கொடுத்துவிட்டு வர வேண்டும், மேசைக்கு ஆள் வருவார் என்று காத்திருக்க வேண்டாம்.

குடி விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். ஒரு பைண்ட் என்பது 568 மில்லி. 4 சதவீத பியரில் அது 2.3 யூனிட் (ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்த ஆல்கஹால்). உடம்பு அதைக் கரைக்க மணிக்கு ஒரு யூனிட் என்ற கணக்கில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குடித்தால் சூடாக இருப்பது போலத் தோன்றுமே தவிர, உடம்புச் சூடு வேகமாக வெளியே போகும். ஆகஸ்டிலும் இந்த நாட்டுத் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும். படகு கவிழ்ந்துதான் விழ வேண்டும் என்றில்லை, கரையிலிருந்து படகில் கால் வைக்கும்போதே விழலாம், அதுவும் பப்பிலிருந்து திரும்பும்போது. எனவே சாப்பாட்டோடு வேண்டுமானால் ஒரு அரை பைண்ட். நீச்சல் அரைகுறையாக இருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம். முழு பைண்டை எல்லாம் பிராட்ஃபோர்டில் படகைச் சுருட்டிக் கட்டிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். குடிக்காத நண்பர் சங்கடப்பட ஒன்றுமில்லை. ஆல்கஹால் இல்லாத பியர், ஜிஞ்சர் பியர், டீ எல்லாம் சர்வசாதாரணமாகக் கிடைக்கும்.

நீச்சல் தெரிந்தவரோ தெரியாதவரோ, லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும் உடம்பில் இருக்க வேண்டும், படகில் அல்ல. கால்வாய் பல இடங்களில் இடுப்பு, மார்பளவுதான். விழுந்தால் பதறாமல் முதலில் கால் ஊன்றிப் பாருங்கள். அடியில் சேறு என்பதால் செருப்பு வேண்டாம், பழைய ஷூ போடுங்கள். ஒரு படகில் நீச்சல் தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர் என்று பிரித்து உட்காருங்கள்.

சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது முக்கியம். எலிச் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் வரலாம். கையில் கீறல் இருந்தால் நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளுங்கள். போய்வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால், கால்வாயில் படகு ஓட்டியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கால்வாயில் எந்தப் படகுக்கும் உரிமம் தேவை. வாடகைக் கயாக் என்றால் அதற்கு உரிமம் இருக்கிறதா என்று கொடுப்பவரிடமே கேளுங்கள். சொந்தப் படகு என்றால், முன்பு பிரிட்டிஷ் கனூயிங் என்றிருந்த பேடில் யூகே அமைப்பில் உறுப்பினராவது எளிய வழி, உறுப்பினர் கட்டணத்திலேயே உரிமமும் அடங்கும். பப்பில் நிற்கும்போது படகைப் புல்தரையில் ஏற்றிவிடுங்கள். கரைப்பாதை தேசிய சைக்கிள் தடமும் கூட, சைக்கிள்கள் வேகமாக வரும்.

உங்களுக்குக் கார் இல்லாததும் இந்தப் பாதையில் குறையில்லை. பிராட்ஃபோர்டில் இருந்து ரயில் பாத் வழியாக பிரிஸ்டலுக்குத் திரும்பிவிடும். யாருக்காவது முடியவில்லை, மழை பிடித்துக்கொண்டது என்றால் ஏவன்கிளிஃபிலேயே நிறுத்திவிடலாம். பாலத்துக்குப் பக்கத்திலேயே குட்டி ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே எல்லா ரயிலும் தானாக நிற்காது. நேரம் பார்த்து வைத்துக்கொண்டு, ரயில் வரும்போது பஸ்ஸை நிறுத்துவது போல ஓட்டுநருக்குக் கை காட்ட வேண்டும்.