1971 போர்: எந்தப் புத்தகத்தை எடுப்பது?

கேள்வி: வங்கதேசப் போர் பற்றி ஒரே ஒரு ஆய்வு நூல்தான் வாங்க முடியும். ஸ்ரீநாத் ராகவனா, கேரி பாஸா?

பதில்: இரண்டுமே 2013-இல் வந்தவை. பாஸின் ‘தி பிளட் டெலிகிராம்’ பெரும்பாலும் வெள்ளை மாளிகைக்குள் நடக்கிறது. அதிபர் நிக்சனும் அவருடைய ஆலோசகர் கிஸிஞ்சரும் பேசிய ஒலிநாடாக்கள், டாக்காவிலிருந்து அமெரிக்க அதிகாரிகள் 20 பேர் கையெழுத்திட்டு, தங்கள் அரசின் போக்கைக் கண்டித்து ஏப்ரல் 6 அன்று அனுப்பிய தந்தி, இவைதான் அதன் முதுகெலும்பு. எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. ராகவனின் ‘1971’ டெல்லி, இஸ்லாமாபாத், மாஸ்கோ, பெய்ஜிங் என்று சுற்றி வருகிறது. ஏப்ரலிலேயே போருக்குப் போகச் சொன்னார் இந்திரா, தரைப்படைத் தளபதி மானெக்‌ஷா மறுத்துவிட்டார் என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்? அப்போது இந்திராவுக்கே உடனடிப் போர் எண்ணம் இருக்கவில்லை என்று ராகவன் வாதிடுகிறார். ஒன்றுதான் என்றால் இதை வாங்குங்கள்.

கேள்வி: 1990-இல் வந்த சிஸன், ரோஸ் இருவரின் ‘வார் அண்ட் செசஷன்’ பழசாகிவிட்டதா?

பதில்: இல்லை. முடிவெடுத்தவர்களில் பலர் உயிரோடு இருந்தபோதே நேரில் பேசி எழுதியது. அந்த வாய்ப்பு இனி யாருக்கும் கிடைக்காது. பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

கேள்வி: தளபதிகள் எழுதியவை?

பதில்: இந்தியத் தரப்பின் ஜேக்கப், பாகிஸ்தான் தரப்பின் நியாஸி இருவரையும் சேர்த்துப் படியுங்கள். ஒருவரை மட்டும் படித்தால் ஏமாந்துபோவீர்கள்.

கேள்வி: இறந்தவர்கள் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுகிறதே?

பதில்: வங்கதேச அரசு சொல்வது 30 லட்சம். தோல்வியை விசாரித்த பாகிஸ்தானின் ஹமூதுர் ரஹ்மான் ஆணையம் ஏற்றது சுமார் 26,000. அது ராணுவமே கொடுத்த கணக்கு. ‘டெட் ரெக்கனிங்’ நூலில் சர்மிளா போஸ் சொல்வது 50,000 முதல் 1 லட்சம் வரை. சாட்சிகளைக் கையாண்ட விதத்துக்காக அந்த நூல் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. எண்ணைப் பார்த்ததும் பின்பக்கக் குறிப்புகளைப் புரட்டி, யார் எண்ணியது என்று தேடுங்கள். அப்புறம், எண்ணோடு நின்றுவிடாமல் நயனிகா முகர்ஜியின் ‘தி ஸ்பெக்ட்ரல் வூண்ட்’ நூலையும் படியுங்கள். போரில் வல்லுறவுக்கு ஆளான பெண்களுக்கு அரசு ‘பீராங்கனா’ என்று பட்டம் கொடுத்தது. நம் ‘வீராங்கனை’தான் அது. அந்தப் பெண்களில் சிலரை 1990-களில் டாக்கா மேடைக்கு அழைத்துப் போனார்கள், படம் பத்திரிகைகளில் வந்தது. ஊர் திரும்பியதும் அக்கம்பக்கத்தார் அதையே சொல்லிக் குத்திக்காட்டினார்கள்.