வாசகர் கேள்வி: ஒரே துணியில் இரு காட்சிகள்

கேள்வி: எங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில், ஃபிலிமைச் சுற்ற மறந்து மறுபடியும் எடுத்துவிட்டதால், பாட்டியின் உருவத்தின் மேலேயே ஊர்த் தேரும் பதிந்துவிட்ட படம் ஒன்று இருக்கிறது. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் புகைப்படத்தோடு உறவுடைய ஓவியங்களைத் தீட்டியவர் யாரேனும் உண்டா?
— வாசகி ஒருவர், மன்னார்குடி

பதில்: உண்டு. ஜெர்மானிய ஓவியர் சிக்மார் போல்கேயை (1941–2010) முதலில் சொல்வேன். அதற்கு முன் அந்தப் படத்தை மறுபடியும் எடுத்துப் பாருங்கள். தேர், பாட்டியின் கூந்தலிலும் சேலையின் கருமையிலும்தான் துலக்கமாகத் தெரியும். வெளிச்சம் பட்ட நெற்றியில் அநேகமாக மங்கிப்போயிருக்கும். முதல் முறை ஒளி நிறைய விழுந்த இடத்தில் ஃபிலிம் மேற்கொண்டு எதையும் ஏற்பதில்லை. நிழலாக விட்ட இடமே இரண்டாவது காட்சிக்கு வாசலாகிறது.

போல்கே 1970களில் கேமராவும் கையுமாகத் திரிந்தவர். 1973இல் நியூயார்க்கின் பவரி தெருவில் வீடற்றவர்களையும், 1974இல் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பயணத்தில் கண்டவர்களையும் படமெடுத்தார். ஒரே சட்டகத்தில் இரு காட்சிகளைப் பதிப்பது, இருட்டறையில் படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் திரவத்தைச் சீரின்றி ஊற்றுவது, தாளை மடித்துக் கழுவுவது என்று, தொழில்முறைப் புகைப்படக்காரர் பிழை என்று ஒதுக்குவதையெல்லாம் அவர் வேண்டுமென்றே செய்தார்.

அவருடைய பல ஓவியங்களில், கடையில் வாங்கிய அச்சுத் துணியே முதல் பதிவாக நிற்கிறது. சிகாகோ கலைக்கழகத்தில் உள்ள, 1987–88இல் தீட்டிய காவற்கோபுர ஓவியத்தைப் பாருங்கள். வலப்புறத் துணியில் கடற்கரைக் குடைகளும் மடக்கு நாற்காலிகளும் அச்சாகியிருக்கின்றன. கீழே பெருவாத்துக் கூட்டம் ஒன்று இருக்கிறது. இவற்றின் மேல் வெளிறிய கோடுகளாக ஒரு மரக் கோபுரம் எழுகிறது. ஜெர்மனியின் காடுகளில் வேட்டைக்காரர் ஏறி அமரும் பரண் அது; வதைமுகாம்களின் காவல் கோபுரமும், அந்நாட்டை இரண்டாகப் பிளந்திருந்த எல்லைக் கோபுரமும் அதே வடிவம்தான். விடுமுறைக் குடைகள் கோபுரத்தினூடே தெரிகின்றன, ஆனால் கோபுரத்தை மறைக்க அவற்றால் முடியவில்லை. போருக்குப் பின் செழித்த ஜெர்மனியைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசும் ஓவியங்கள் குறைவு என்பது என் உறுதியான எண்ணம்.

படங்களை அடுக்கும் வழக்கம் அவரோடு தொடங்கியதல்ல. பிரெஞ்சு ஓவியர் பிரான்சிஸ் பிக்காபியா, 1920களின் பிற்பகுதியிலேயே, பழைய ஓவியங்களிலிருந்து எடுத்த முகங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோட்டுருவில் தீட்டினார். ஆனால் புகைப்படத்தின் வேதியியலையே ஓவியத்துக்குள் கொண்டுவந்தவர் போல்கே: ஒளி பட்டால் கறுக்கும் வெள்ளிச் சேர்மங்களைப் பூசினார், பின்னாளில், பிசின் ஊட்டி ஒளி ஊடுருவச் செய்த துணியின் இரு பக்கமும் வரைந்தார். அவற்றில் பின்புறத்து உருவம் முன்புறத்து உருவத்தோடு கலந்து தெரியும்.

கலைக்கல்லூரியில் சேரும் முன் அவர் கற்ற தொழில் கண்ணாடி ஓவியம். இறப்பதற்கு முந்தைய ஆண்டான 2009இல், சூரிச் நகரின் கிராஸ்மூன்ஸ்டர் தேவாலயத்துக்குப் பன்னிரண்டு சாளரங்களை முடித்துக் கொடுத்தார். ஏழு சாளரங்கள் மெல்லிய அகேட் கற்சீவல்களால் ஆனவை. மற்ற ஐந்தில் ஒன்று மனுமகனை, அதாவது விவிலியம் அப்பெயரால் சுட்டும் இயேசுவை, குறித்தது. அதில் ஒரே கோடுதான் ஒரு கணம் கிண்ணமாகவும் மறு கணம் எதிரெதிரே நோக்கும் இரு முகங்களாகவும் தெரிகிறது.