முதுமையை எட்டிய ஹாம்ஸ்டர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் சிரியன் ஹாம்ஸ்டருக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. முன்பு இரவெல்லாம் சக்கரத்தில் ஓடும். இப்போது பெரும்பாலும் தூக்கம்தான். முடியும் மெலிந்துவிட்டது. இடுப்பின் இரண்டு பக்கமும் கறுப்பாக ஒரு புள்ளி தெரிகிறது. இது முதுமையா, நோயா?

பதில்: முதலில் அந்தக் கறுப்புப் புள்ளிகள். அவை கட்டி அல்ல, மணச் சுரப்பிகள். எல்லா சிரியன் ஹாம்ஸ்டருக்கும் இடுப்பின் இருபுறமும் உண்டு. அடர்ந்த முடிக்குள் மறைந்திருந்தவை, முடி மெலிந்ததும் வெளியே தெரிகின்றன. இரண்டும் ஒரே அளவில், ஒரே உயரத்தில் இருந்தால் கவலை வேண்டாம். ஒன்று மட்டும் தடித்து வளர்ந்தாலோ, புண்ணாகி ரத்தம் கசிந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிரியன் வகை 2 முதல் 3 ஆண்டுகள் வாழும். குள்ள வகைகளில் பலவற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள்தான். ஒன்றரை வயதைத் தாண்டிய ஹாம்ஸ்டரைக் கிழம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் கூடுவது, ஓட்டம் குறைவது, முடி மெலிவது, கண்ணில் புரை விழுவது எல்லாம் முதுமையோடு மெல்ல மெல்ல வருபவை. இரண்டு மூன்று நாளில் நிலை மாறினால் அதை வயதின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிப்பது சிறுநீரகக் கோளாறாகவோ நீரிழிவாகவோ இருக்கலாம். இரண்டு விலாவிலும் சமமாக முடி கொட்டி, தோல் மெலிந்து, தாகமும் கூடினால் அட்ரினல் சுரப்பியைச் சோதிக்க வேண்டும். முடி கொட்டிய இடத்தில் செதில் உதிர்ந்தால் தோல் உண்ணிகளாக இருக்கலாம். உடலின் எதிர்ப்புச் சக்தி தளரும்போதுதான் இவை பெருகும் என்பதால், உண்ணிக்கு மட்டும் மருந்து போட்டு நிறுத்தாமல் உள்ளே வேறு நோய் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பெண் ஹாம்ஸ்டருக்குப் பின்பக்கம் ரத்தமோ சீழோ கசிந்தால் கருப்பையில் தொற்று இருக்கக்கூடும். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

இவற்றையெல்லாம் கண்ணால் மட்டும் கண்டுபிடிப்பது கடினம். 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். சின்ன டப்பாவைத் தராசில் வைத்து எண்ணைச் சுழியாக்கி, ஹாம்ஸ்டரை உள்ளே விடுங்கள். மாலை எழுந்தவுடன், தீனிக்கு முன்பு, ஒரே நேரத்தில் எடையைப் பாருங்கள். நல்ல நிலையில் இருந்தால் வாரம் ஒரு முறை போதும். ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் தினமும். கன்னப்பையில் தீனி அடைத்திருந்தால் எண் ஏமாற்றிவிடும், அதையும் கவனியுங்கள். 140 கிராம் இருந்தது 126 ஆனால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். அதற்கு மேல் வீட்டில் வைத்துக் காத்திருக்கக் கூடாது. எடை கூடுவதும் எப்போதும் நல்ல செய்தி ஆகாது. முதுகெலும்பு விரலில் தட்டுப்பட, வயிறு மட்டும் உருண்டு நின்றால் உள்ளே நீரோ கட்டியோ இருக்கலாம்.

கேள்வி: பின்னங்கால் தளர்ந்து, ஏணியில் ஏறும்போது விழுகிறது. கூண்டில் என்ன மாற்ற வேண்டும்?

பதில்: மாடிகளையும் ஏணிகளையும் இன்றே எடுத்துவிடுங்கள். எலும்பு மெலிந்த உடலுக்குச் சிறிய உயரத்திலிருந்து விழுவதே போதும், கால் முறிந்துவிடும். எல்லாம் ஒரே தளத்தில் இருக்கட்டும்.

ஆனால் கூண்டை மொத்தமாகத் தலைகீழாக்க வேண்டாம். ஹாம்ஸ்டருக்கு இளமையிலேயே பார்வை மந்தம். மூக்காலும் மீசையாலும்தான் வழி அறிகிறது. கண்புரை விழுந்த பிறகும் தடுமாறாமல் நடப்பது அதனால்தான். கூடு, தண்ணீர், தீனி மூன்றும் பழைய மூலையிலேயே இருக்க வேண்டும். சுத்தம் செய்யும்போது சிறுநீர் கழிக்கும் மூலையில் உள்ள படுக்கையைத் தினமும் மாற்றுங்கள். மற்ற இடத்தில் பழைய படுக்கையில் பாதியையாவது விட்டுவையுங்கள். அந்த வாசனைதான் அதற்கு வீடு.

கூடு இருக்கும் பக்கம் காகிதத் துகள் 15 சென்டிமீட்டர் ஆழம் இருக்கட்டும். தீனிக்கும் தண்ணீருக்கும் போகும் பாதையில் 3 சென்டிமீட்டர் போதும், அதையும் அழுத்திச் சமமாக்குங்கள். தளர்ந்த கால் ஆழமான துகளில் புதையும். கூட்டுக்குப் பஞ்சு வைக்காதீர்கள். இழை காலில் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்தும், விழுங்கினால் குடலை அடைக்கும். வாசனை சேர்க்காத டிஷ்யூ காகிதத்தைக் கிழித்துப் போட்டால் கூட்டை அதுவே கட்டிக்கொள்ளும். தேவதாரு, பைன் மரத்தூளின் நெடி மூச்சுக்குழாயை உறுத்தும். முதுமையில் அது இன்னும் மோசம்.

சக்கரத்தை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். ஓட முடியாவிட்டாலும் பல ஹாம்ஸ்டர்கள் அதில் நடக்கும். தரையோடு ஒட்டி, காலை எட்டி வைக்கத் தேவையில்லாத உயரத்தில் வையுங்கள். முதுகு வளையாமல் நிற்கும் அளவு இருக்க வேண்டும்: சிரியனுக்கு 28 சென்டிமீட்டர் விட்டம், குள்ள வகைக்கு 20. ஏறி இறங்கும்போது விழத் தொடங்கினால் மட்டும் எடுத்துவிடுங்கள். தண்ணீர்க் குடுவையின் குழாயைத் தாழ்த்தி, பக்கத்திலேயே கனமான ஆழமற்ற கிண்ணத்திலும் தண்ணீர் வையுங்கள். நாக்கால் குழாயின் குண்டைத் தள்ள முடியாத ஹாம்ஸ்டர், குடுவை நிறைய நீர் இருந்தும் தாகத்தில் வாடும். 100 கிராம் எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 மில்லி குடிக்கும். குடுவையில் கோடு போட்டுப் பார்த்தால் குறைவதும் கூடுவதும் தெரியும்.

கேள்வி: தீனியை வாயில் எடுத்துக் கீழே போட்டுவிடுகிறது. பல் விழுந்திருக்குமா? கூழ் கொடுக்கலாமா?

பதில்: முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. கடிப்பது குறைந்தால் தேய்மானம் குறைந்து, நீண்டு வளைந்து உதட்டையோ அண்ணத்தையோ குத்தும். மேல்பல் குட்டையாகவும் கீழ்ப்பல் அதைவிட நன்றாக நீளமாகவும் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்திலும் இருப்பது இயல்பு, அதைக் கறை என்று நினைக்க வேண்டாம். ஒன்று உடைந்து எதிர்ப்பல் மட்டும் நீண்டிருந்தால் மருத்துவர் சிறு கருவியால் சீவிவிடுவார். நகவெட்டியால் நீங்களே வெட்டாதீர்கள். பல் நெடுக்காகப் பிளந்து வேர்வரை போகும்.

கூழ் கொடுக்கலாம். வழக்கமான பெல்லட் ஒரு பங்கு, வெந்நீர் இரண்டு பங்கு, பத்து நிமிடம் ஊறவைத்து மசித்து, கை பொறுக்கும் சூட்டில் ஒரு தேக்கரண்டி வையுங்கள். இதமான சூட்டில் வாசனை எழும், பசி மந்தமான ஹாம்ஸ்டரை அதுதான் இழுக்கும். புரதத்துக்கு உப்பில்லாமல் வேகவைத்த முட்டை அல்லது கோழி, சுண்டுவிரல் நக அளவு. வெங்காயம், பூண்டு, சாக்லேட், புளிப்புப் பழங்கள் கூடவே கூடாது. குள்ள வகைகள் நீரிழிவுக்கு ஆளாகக்கூடியவை என்பதால் தேனும் பழமும் வேண்டாம். மூன்று நான்கு மணி நேரத்தில் மிச்சக் கூழை எடுத்துவிட்டு, கூட்டுக்குள்ளும் பாருங்கள். ஈரத் தீனியை உள்ளே பதுக்கினால் பூஞ்சை பிடிக்கும். பிசுபிசுப்பானது கன்னப்பையில் ஒட்டிக்கொள்ளும். ஒரு கன்னம் மட்டும் நாளெல்லாம் உப்பியே இருந்தால் அதுவும் மருத்துவருக்குரிய வேலை.

தானாக நக்காவிட்டால் ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்ச். ஹாம்ஸ்டரைத் துணியில் சுற்றி, தலை மேலே இருக்குமாறு பிடியுங்கள், மல்லாத்தக் கூடாது. முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் பக்கவாட்டிலிருந்து ஒரு துளி. விழுங்கியது தெரிந்த பிறகு அடுத்த துளி. அவசரத்தில் பீய்ச்சினால் நுரையீரலுக்குள் போய்விடும். விழுங்கவே முடியாமல் துவண்டு கிடக்கும் ஹாம்ஸ்டருக்கு ஊட்ட முயலாதீர்கள்.

கேள்வி: குழந்தைக்கு வாங்கிய ஆன்டிபயாட்டிக் சிரப்பும் வலி மருந்தும் வீட்டில் மிச்சம் இருக்கிறது. ஒரு சொட்டு கொடுத்தால் என்ன?

பதில்: கொடுக்காதீர்கள். அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகைகள் ஹாம்ஸ்டரின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவை அழித்து, நச்சு சுரக்கும் பாக்டீரியாவைப் பெருக்கிக் கொன்றுவிடும். வலி மருந்தில் ஒரு சொட்டு அளவுப் பிழையே 100 கிராம் உடலுக்குப் பேரளவு. ஹாம்ஸ்டருக்கு ஏற்ற வலி மருந்து உண்டு. மெலாக்சிகாம் போன்றதை எடைக்கேற்ப மருத்துவர் அளந்து தருவார். தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: காலையில் உடல் சில்லென்று, அசைவில்லாமல் கிடந்தது. குளிரில் உறங்குகிறதா, இறந்துவிட்டதா என்று எப்படி அறிவது?

பதில்: அறை கடுங்குளிராகி, தீனியும் குறைந்தால் ஹாம்ஸ்டர் குளிர் உறக்கத்துக்குள் போகும். மூச்சு நிமிடத்துக்கு ஒன்று இரண்டாகவோ அதற்கும் குறைவாகவோ இறங்கும். மூக்கருகில் குளிர்ந்த கண்ணாடியைப் பல நிமிடங்கள் பிடித்து, பனி படிகிறதா என்று பாருங்கள். மீசையைத் தொட்டால் மெல்லத் துடிக்கலாம். உள்ளங்கையில் பொத்தி, அல்லது வெந்நீர்ப் புட்டியைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, அறையையும் 20 முதல் 24 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். வேகமான சூடு, ஹீட்டரின் நேரடி அனல் ஆகாது. தலை தூக்கிய பிறகே தண்ணீர்.

இளம் ஹாம்ஸ்டருக்கும் கிழத்துக்கும் இங்கே வித்தியாசம் உண்டு. அறை ஏற்கெனவே வெதுவெதுப்பாக இருந்தும் கிழ ஹாம்ஸ்டரின் உடல் குளிர்ந்திருந்தால் அது உறக்கமல்ல. ரத்த ஓட்டம் தளர்கிறது, முடிவு நெருங்குகிறது. அப்போதும் இதமான சூடு அதற்கு ஆறுதல்தான். சில மணி நேரம் வெதுவெதுப்பில் வைத்தும் மூச்சில்லாமல், உடல் விறைத்து, கண் பளபளப்பு மங்கினால் இறந்துவிட்டது.

கேள்வி: கட்டி என்று மருத்துவர் சொல்லிவிட்டார், அறுவை தாங்காது என்றும் சொன்னார். வலியில்லாமல் முடித்துவிடலாம் என்கிறார். எப்போது முடிவெடுப்பது? மனம் வரவில்லை.

பதில்: மனம் வராததில் குற்றமில்லை. ஆனால் ஹாம்ஸ்டர் பிற விலங்குக்கு இரையாகும் உயிரினம், வலியைக் கடைசிவரை மறைக்கும். நமக்குத் தெரியும் அளவு வலி என்றால் வெகுநேரமாகவே வலிக்கிறது. கண்ணைப் பாதி மூடிக் கூனி உட்காருவது, காதை மடக்கிப் பின்னால் சாய்ப்பது, பல்லை நறநறப்பது, சாதுவாக இருந்தது தொட்டால் கடிப்பது, முடியை நீவிக்கொள்ளாமல் அழுக்காகக் கிடப்பது எல்லாம் வலியின் முகங்கள்.

நாட்காட்டியில் தினமும் மூன்றைக் குறியுங்கள்: தானாகச் சாப்பிட்டதா, தன் கூட்டுக்குத் தானே போனதா, மூச்சு சிரமமில்லாமல் வந்ததா. மூன்றும் 'ஆம்' என்றால் அந்த நாள் அதற்கு நல்ல நாள். 'இல்லை'கள் தொடர்ந்து வரத் தொடங்கினால் இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். இந்த உடலுக்கு ஒரு வாரம் மிக நீளம். மூச்சுக்குத் திணறினாலோ, கட்டி உடைந்து புண்ணானாலோ அன்றே போங்கள்.

மருத்துவரிடம் முதலில் மயக்கம், பிறகுதான் ஊசி என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சிறு பெட்டிக்குள் மயக்க வாயு செலுத்தித் தூங்கவைத்த பிறகு ஊசி போடுவார்கள். அது எதையும் உணராது. பழைய படுக்கை ஒரு பிடி போட்டே பெட்டியில் கொண்டுபோங்கள். வீட்டில் உறைபெட்டியில் வைக்கும் பழக்கம் கொடுமை, செய்யாதீர்கள்.

வீட்டிலேயே தானாகப் பிரியட்டும் என்று இருந்தால், கூண்டை மங்கிய ஒளியில், சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். ஆளாளுக்குக் கையில் எடுக்க வேண்டாம். ஈரமான பின்பக்கத்தை வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி உலர்த்துங்கள். இறுதியில் மூச்சு விட்டு விட்டு வரும், கால் இழுக்கும். நினைவு தப்பிய பிறகே பெரும்பாலும் இந்த இழுப்பு வரும்.

கேள்வி: இறந்த பிறகு தோட்டத்தில் புதைக்கலாமா? ஆறு வயது மகளிடம் எப்படிச் சொல்வது?

பதில்: மெல்லிய துணியிலோ காகிதத்திலோ சுற்றி, 60 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து, மேலே கனமான கல் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், மட்காது. ஊசி போட்ட உடலில் மருந்து தங்கியிருக்கும். நாயோ பூனையோ தோண்டித் தின்றால் அவற்றுக்கும் நஞ்சு. அதனால் தோண்டும் விலங்குகள் வரும் இடமென்றால் தகனம் மேல். மகளிடம் 'இறந்துவிட்டது, இனி எழாது' என்று அந்தச் சொல்லாலேயே சொல்லுங்கள். தூங்குகிறது என்றால் இரவில் அவள் தூங்கப் பயப்படுவாள்.