குளிர்காலத்துல தேள் வீட்டுக்குள்ள வராம இருக்க: அரிசோனாவுல இருக்கறவங்க கேள்வியும் என் பதிலும்

ஃபீனிக்ஸ், சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் இருக்கறவங்க நிறைய பேர் கேட்டிருக்கீங்க, தெரிஞ்சதை சொல்றேன். நான் சொல்றதெல்லாம் இங்க இருக்கற பார்க் ஸ்கார்பியன் (bark scorpion, மரப்பட்டைத் தேள்) பத்திதான், ரெண்டு மூணு இன்ச் நீளத்துல வைக்கோல் கலர்ல ஒல்லியா இருக்கும், சுவர் ஏறும், தலைகீழாவும் தொங்கும்.

அக்கா, குளிர்ல தேள் எல்லாம் செத்துரும்னு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். ஆனா நேத்து காலைல பாத்டப்ல ஒண்ணு கிடந்துச்சு. தண்ணி போற ட்ரெயின் (drain) ஓட்டை வழியா வந்துச்சா?

சாகாது தம்பி. வெளிய நடமாட்டம் குறையும், அவ்ளோதான். மத்த தேள் தனியா ஒதுங்கும், இது மட்டும் குளிர் வந்தா ஒரே சந்துல கூட்டமா ஒண்டிக்கும், இருபது முப்பது கூட சேர்ந்து இருக்கும். காம்பவுண்ட் பிளாக் சுவரோட உள் ஓட்டை, மரத்துல உரியற பட்டைக்கு அடியில, பனைமரத்துல தொங்கற காஞ்ச மட்டை, அப்புறம் நம்ம வீட்டு சுவருக்குள்ள, கூரைக்கு அடியில இருக்கற அட்டிக்ல. நாம ஹீட்டர் போடறதால உள்ள இருக்கறதுக்கு குளிரே தெரியாது, அது பாட்டுக்கு நடமாடும். பெரும்பாலும் அட்டிக்லேர்ந்து எக்ஸாஸ்ட் ஃபேன் ஓரமா, சீலிங் லைட் ஓரமா இறங்கி தண்ணி தேடிப் போகும், டப் வழவழன்னு இருக்கறதால விழுந்தா ஏற முடியாது. அதனால ட்ரெயினை விட மேல பாருங்க, ஃபேனைச் சுத்தி இருக்கற இடைவெளியை அடைங்க.

மாசாமாசம் பெஸ்ட் கன்ட்ரோல் ஆள் வந்து ஸ்ப்ரே அடிக்கறார், ஆனாலும் வருது. கம்பெனி மாத்தணுமா?

கம்பெனி மாத்தி பிரயோஜனம் இல்ல. தேள் கால் நுனியில நடக்கற ஜீவன், காஞ்சுபோன மருந்து மேல நடந்தா உடம்புல பெருசா ஒட்டாது. ஸ்ப்ரேயால கரப்பானும் சுவர்க்கோழியும் குறையும், அதனால தேளோட சாப்பாடு குறையுது, அந்த அளவுக்கு நல்லது. ஆனா வீட்டுக்குள்ள வராம இருக்கணும்னா இடைவெளியை அடைக்கறதுதான் வழி, அதுக்கு நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும்தான் நல்ல நேரம், வெளிய இருக்கறது அசையாம கிடக்கும், நமக்கும் வெயில் இல்லாம வேலை பாக்கலாம்.

ராத்திரி கராஜ் லைட்டை அணைச்சுட்டு உள்ள நில்லுங்க, வெளியிலேர்ந்து ஒருத்தர் கதவுக்கு அடியில டார்ச் அடிக்கட்டும். வெளிச்சம் தெரியற இடமெல்லாம் தேளுக்கு வழி, கிரெடிட் கார்டு நுழையற சந்து போதும் அதுக்கு. நிறைய வீட்ல கதவுக்கு கீழ ரப்பர் ஸ்வீப் போட்டிருப்பாங்க, நடுவுல சரியா இருக்கும், ரெண்டு மூலையிலயும் மட்டும் கொஞ்சம் தூக்கிக்கிட்டு இருக்கும், அந்த மூலைதான் முக்கியம். அப்புறம் கிச்சன் சிங்குக்கு கீழ கதவைத் திறந்து பாருங்க, குழாய் சுவருக்குள்ள போற இடத்துல வட்டமா ஒரு தகடு இருக்கும், அதை முன்னாடி இழுத்தா பின்னாடி விரல் போற அளவுக்கு ஓட்டை தெரியும், கட்டினவங்க அப்படியே மூடிட்டுப் போயிருப்பாங்க. அதுல காப்பர் மெஷ் (செம்புக் கம்பி வலை) திணிச்சு மேல கால்க் (இடைவெளி அடைக்கற பசை) பூசுங்க. பாத்ரூம் சிங்க், டாய்லெட், வாஷிங் மெஷின் பின்னாடி எல்லா இடத்துலயும் இதே கதைதான்.

ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. வெளிய ஸ்டக்கோ (சிமென்ட் பூச்சு) சுவர் முடியற இடத்துல தரைக்கு மேல நீளமா ஒரு இடைவெளி ஓடும், அது சுவருக்குள்ள இருக்கற ஈரம் வெளியேற வச்சது, அதை கால்க் போட்டு அடைச்சா சுவர் கெட்டுப்போகும்.

எட்டு மாசக் குழந்தை இருக்கு, தூக்கமே வரல அக்கா.

உங்க பயம் நியாயமானதும்மா, சின்னப் பிள்ளைங்களுக்குத்தான் இது ஆபத்து. தொட்டிலை சுவத்துலேர்ந்து தள்ளிப் போடுங்க, துணி எதுவும் தரையில தொங்கக்கூடாது. தொட்டிலோட நாலு காலையும் சுத்தமான கண்ணாடி ஜாருக்குள்ள வைங்க, கண்ணாடியில அதால ஏற முடியாது, தூசி படியாம துடைச்சுக்கிட்டே இருக்கணும். தவழ விடறதுக்கு முன்னாடி தரையில, விரிப்புக்கு அடியில ஒரு தடவை பாத்துடுங்க.

கொட்டிட்டா சோப்பு போட்டு கழுவி குளிர் ஒத்தடம் கொடுத்து உடனே 1-800-222-1222 பாய்சன் லைனுக்கு கூப்பிடுங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க. கண்ணு தறிகெட்டு அலையுது, எச்சில் ஒழுகுது, கை கால் உதறுது, மூச்சு திணறுதுன்னா யோசிக்காம அவசர எண் 911 கூப்பிடுங்க. ஆனாஸ்கார்ப்னு விஷமுறிவு மருந்து 2011லேர்ந்து இங்க அனுமதியோட இருக்கு.

கொலு முடிஞ்சு பொம்மையெல்லாம் பேப்பர் சுத்தி அட்டைப்பெட்டியில கராஜ்ல வச்சிருக்கேன். பரவாயில்லையா?

அட்டைப்பெட்டி வேண்டாம்ங்க, மடிப்பெல்லாம் அதுக்கு நல்ல மறைவிடம். இறுக்கமா மூடற பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாத்துங்க, மாத்தறப்ப கையுறை போட்டு ஒவ்வொண்ணா பிரிங்க. கிறிஸ்துமஸ் லைட் பெட்டி, கோட்டு, பூட்ஸ் எல்லாத்துக்கும் அப்படித்தான். ஷூவை உதறாம போடாதீங்க.

யூ.வி. டார்ச் வாங்கலாமா?

கண்டிப்பா வாங்குங்க. 365 அல்லது 395 நானோமீட்டர்னு போட்டிருக்கும், இருட்டுல அடிச்சா தேள் பச்சையா மின்னும். புதுசா தோல் உரிச்சது மின்னாது, அதனால ஒண்ணும் தெரியலைன்னா இல்லவே இல்லைன்னு முடிவு பண்ணிடாதீங்க. ஜனவரி ராத்திரியில தோட்டத்துல தேடாதீங்க, வீட்டுக்குள்ள ஸ்கர்ட்டிங் ஓரம், திரைச்சீலை மடிப்பு, சீலிங் மூலை பாருங்க. பிடிக்க நீளமான இடுக்கி வச்சுக்கோங்க.

சேலத்துலேர்ந்து அம்மா வந்திருக்காங்க. ஊர் செந்தேள் மாதிரியா இது? கொட்டினா இறுக்கிக் கட்டணும், சுண்ணாம்பு தடவணும்னு சொல்றாங்க.

ரெண்டும் வேற. செந்தேள் விஷம் இதயத்தை பாதிச்சு நுரையீரல்ல நீர் கோக்க வைக்கும், மகாராஷ்டிராவுல மகாட் ஊர் டாக்டர் பவாஸ்கர் பிரசோசின் மாத்திரை கொடுத்து அதுல நிறைய உயிரைக் காப்பாத்தினார். இங்க இருக்கறது நரம்பைத் தாக்கும், பெரியவங்களுக்கு பெரும்பாலும் வலியும் மரமரப்பும் ஒரு நாள் ரெண்டு நாள் இருந்துட்டுப் போயிடும். எந்தத் தேளா இருந்தாலும் கட்டு போடறது, கீறறது, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அம்மாவை வீட்டுக்குள்ளயும் செருப்பு போட்டு நடக்கச் சொல்லுங்க, ராத்திரி பாத்ரூம் போறப்ப லைட் போடச் சொல்லுங்க.

லாவெண்டர் ஆயில் தெளிச்சா ஓடிடுமாமே? பூனையை கொட்டாதாமே?

ஆயிலை நம்பி கதவு ஸ்வீப் வாங்காம இருந்துடாதீங்க. பூனையையும் கொட்டும், அதுக்கு விஷம் ஏறாதுங்கறது கட்டுக்கதை.

நாங்க வாடகை வீடு, ஓட்டை அடைக்க ஓனர் விடமாட்டார்.

ஓனருக்கு எழுத்துல போட்டோவோட அனுப்புங்க. அதுவரைக்கும் ஒட்டற டிராப் அட்டையை சுவர் ஓரமா, வாட்டர் ஹீட்டர் பக்கத்துல, கராஜ் கதவு மூலையில வைங்க, குழந்தை கை படாத இடமா பாத்து. எந்த அட்டையில மாட்டுதோ அந்தப் பக்கம்தான் வழி இருக்கு, அதையும் போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்புங்க.