21 மாதக் குழந்தையோடு 14 மணி நேர விமானம்: முதலில் இருக்கையை முடிவு செய்யுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 21 மாதம், எடை 11 கிலோ. அடுத்த மாதம் முதல்முறையாக அவளை விமானத்தில் அழைத்துப் போகிறோம். இடையில் எங்கும் இறங்காமல் 14 மணி நேரம். கணவரும் கூட வருகிறார். நான்கு மாதம் கழித்துத் திரும்புவோம். இரண்டு வயது ஆகவில்லையே, மடியில் வைத்துக்கொண்டே போய்விடலாம், தனி இருக்கை எதற்கு என்கிறார்கள் வீட்டில். ஏறியதும் தூக்கம் வருகிற சிரப் கொடுத்துவிடு என்கிறார்கள் உறவினர்கள். காது வலியை நினைத்தாலே பயமாக இருக்கிறது. எப்படித் தயாராவது, டாக்டர்?

பதில்: இதுபோலப் பயணம் போகிற பெற்றோர் பலரும் எந்தப் பொம்மை வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். நீங்கள் இருக்கையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நல்லது. 14 மணி நேரத்தில் அவள் எங்கே படுத்துத் தூங்குவாள் என்பது முடிவாகிவிட்டால் மற்றதையெல்லாம் சமாளித்துவிடலாம். அது முடிவாகாமல் ஒரு பை நிறையப் பொம்மை கொண்டுபோய்ப் பயனில்லை.

மடியா, தனி இருக்கையா?

இரண்டு வயது நிறையாத குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள விமான நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. பன்னாட்டுப் பயணம் என்றால் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு வாங்குவார்கள். ஆனால் நீங்கள் திரும்பும்போது உங்கள் மகளுக்கு 26 மாதம் ஆகியிருக்கும். இரண்டாவது பிறந்தநாளுக்குப் பிறகு பறக்கும் எந்த விமானத்திலும் தனி இருக்கை கட்டாயம். சில நிறுவனங்கள் இரண்டு பயணத்துக்கும் சேர்த்தே குழந்தை டிக்கெட் எடுக்கச் சொல்லும்; சில திரும்பும் பயணத்துக்கு மட்டும் கேட்கும். இதை இப்போதே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் நாளில் கவுண்டரில் நின்றுகொண்டு தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை இது.

போகும் பயணத்துக்கும் தனி இருக்கை எடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. 11 கிலோ குழந்தையை 14 மணி நேரம் மடியில் வைத்திருந்தால் உங்கள் தூக்கமும் போகும், அவள் தூக்கமும் போகும். அதைவிட முக்கியம் பாதுகாப்பு. விமானம் திடீரென்று குலுங்கினால் கையில் இருக்கும் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் பலம் எந்தப் பெற்றோருக்கும் கிடையாது. அமெரிக்க விமானத் துறையும் அங்குள்ள குழந்தை மருத்துவர்களின் சங்கமும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் தனி இருக்கையைத்தான் பரிந்துரைக்கின்றன. பணம் இடிக்கிறது என்றால் வேறு எதிலாவது மிச்சம் பிடியுங்கள்.

தனி இருக்கை எடுத்தால் அவளை அதில் எப்படிக் கட்டுவது? கார் சீட் இருந்தால், விமானத்திலும் பயன்படுத்தலாம் என்று அதன் மேலேயே அச்சிட்டோ ஒட்டியோ இருக்கிறதா என்று பாருங்கள். அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள், எகானமி இருக்கை பொதுவாக 43 முதல் 46 சென்டிமீட்டர்தான் இருக்கும். கார் சீட்டை ஜன்னலோரம்தான் வைக்கச் சொல்வார்கள். போய் இறங்கும் ஊரில் காரில் போகவும் அது உதவும். அதைச் சுமக்க முடியாது என்றால் 'கேர்ஸ்' என்ற பெல்ட் இருக்கிறது. இருக்கையின் முதுகைச் சுற்றி மாட்டி, குழந்தையின் இரு தோளையும் பிடிக்கிற மாதிரிச் செய்திருப்பார்கள். 10 முதல் 20 கிலோ வரை எடையும் 100 சென்டிமீட்டர் வரை உயரமும் உள்ள குழந்தைக்கு அது பொருந்தும். அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. எல்லா நிறுவனங்களும் ஏற்பதில்லை, அதனால் உங்கள் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, வந்த பதிலைப் போனில் வைத்திருங்கள். காரில் பயன்படும் பூஸ்டர் சீட் விமானத்தில் செல்லாது.

மடியில்தான் என்று முடிவு செய்தால் உங்கள் பெல்ட்டுக்குள் குழந்தையையும் சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். குலுங்கும்போது உங்கள் உடல் எடை முழுவதும் அவள் வயிற்றை நசுக்கும். உங்கள் பெல்ட்டோடு இணைகிற சின்னப் பெல்ட்டைப் பல நாட்டு விமானங்களில் ஊழியர்களே தருவார்கள். அமெரிக்க நிறுவனங்களில் தருவதில்லை.

முன்வரிசைத் தொட்டில் கிடைத்தால் போதுமே என்று நினைக்கலாம். தடுப்புச் சுவரில் மாட்டுகிற அந்தத் தொட்டிலுக்கு எடை வரம்பு உண்டு. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும் உங்கள் மகளின் எடையும் உயரமும் பெரும்பாலும் வரம்பைத் தாண்டியே இருக்கும். தொட்டில் இல்லாமல் அந்த முன்வரிசையை மட்டும் வாங்குவதிலும் லாபமில்லை. அங்கே சாப்பாட்டுத் தட்டும் திரையும் கைப்பிடிக்குள்ளேயே மடங்கியிருப்பதால் கைப்பிடியை மேலே தூக்க முடியாது. ஏறும்போதும் இறங்கும்போதும் பை எல்லாவற்றையும் தலைக்கு மேலே வைத்துவிட வேண்டும், அதாவது அவள் பால் கேட்கிற நேரத்தில் பால் எட்டாத இடத்தில் இருக்கும். சாதாரண வரிசையில் மூன்று இருக்கை சேர்ந்தாற்போல் எடுத்து, கைப்பிடிகளைத் தூக்கிவிட்டு, ஒருவர் மடியில் தலையும் இன்னொருவர் பக்கம் காலுமாகப் படுக்க வைத்து, வயிற்றுக்கு மேல் பெல்ட்டை லேசாகப் போட்டுவிடுங்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு அதைவிட நல்ல படுக்கை எகானமியில் கிடையாது. காலடியில் போர்வை விரித்துத் தரையில் படுக்க வைப்பவர்களும் உண்டு. அது வேண்டவே வேண்டாம். ஆக்சிஜன் முகமூடி அங்கே எட்டாது, விமானம் குலுங்கினால் பிடிக்கவும் ஒன்றும் இருக்காது.

தூக்க சிரப்

உறவினர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள், ஆனாலும் கொடுக்காதீர்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் சளி, அலர்ஜிக்குக் கொடுக்கும் ஆன்டிஹிஸ்டமின் சிரப்பாகத்தான் இருக்கும். அதன் பக்கவிளைவுதான் அந்தத் தூக்கம். சில குழந்தைகளுக்கு அதுவும் வராமல் நேர்மாறாக வெறி பிடித்தது போலத் துள்ளிக் குதிப்பார்கள். எந்தக் குழந்தைக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இந்த வகையில் ஒன்றான ப்ரோமெதசின், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூச்சையே அடக்கிவிடும் என்பதால் அந்த வயதில் கொடுக்கக் கூடாது என்று மருந்தின் விவரக் குறிப்பிலேயே கடுமையான எச்சரிக்கை உண்டு.

விமானத்துக்குள் காற்றழுத்தத்தை 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருக்கும் அளவில்தான் வைத்திருப்பார்கள். அங்கே ரத்தத்தில் ஆக்சிஜன் எல்லோருக்கும் சற்றுக் குறையும். ஆரோக்கியமான குழந்தைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மூச்சை மந்தமாக்கும் மருந்தையும் அதோடு சேர்த்து, மருத்துவ வசதி இல்லாத உயரத்தில் கொடுத்துப் பார்ப்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. வீட்டில் ஒரு நாள் கொடுத்துப் பார்த்துவிட்டுப் போகலாமா என்றும் கேட்பார்கள். அதற்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான்.

பையில் இருக்க வேண்டிய மருந்து பாரசிட்டமால். அவள் எடைக்கு எத்தனை மில்லி என்று உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கி, அளவு சிரிஞ்சோடு கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டிக்குள் போட்டால் பயணத்தில் கைக்கு எட்டாது. அந்தச் சந்திப்பிலேயே தடுப்பூசி அட்டையையும் காட்டுங்கள். தட்டம்மை ஊசியின் இரண்டாவது தவணையை, முதல் தவணைக்கு 28 நாள் கழிந்திருந்தால் வெளிநாட்டுப் பயணத்துக்காக முன்கூட்டியே போடலாம். இன்னும் ஒரு மாதம் இருப்பதால் அவர் முடிவெடுக்க அவகாசம் இருக்கிறது.

காது

பயப்பட வேண்டிய நேரம் எது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். விமானம் ஏறும்போது நடுக்காதில் உள்ள காற்று தானாகவே வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் சிக்கல். வெளியே அழுத்தம் கூடும். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் திறந்து காற்று உள்ளே போக வேண்டும். குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குறுகலாகவும் படுக்கை வாட்டத்திலும் இருப்பதால் எளிதில் திறக்காது, செவிப்பறை உள்ளே இழுக்கப்பட்டு வலிக்கும். விழுங்கும்போது அந்தக் குழாய் திறக்கும்.

தரை தொடுவதற்கு ஏறத்தாழ அரை மணி நேரத்துக்கு முன்பே விமானம் இறங்கத் தொடங்கிவிடுகிறது. சக்கரம் வெளியே வரும் சத்தம் கேட்டபின் பாட்டிலைத் தேடினால் அழுத்தம் கூடும் நேரத்தில் பெரும்பகுதி முடிந்திருக்கும். இருக்கைத் திரையில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். மீதி நேரம் 40 நிமிடம் என்று வந்ததும் அவளை எழுப்பிவிடுங்கள். தூங்குகிற குழந்தை குறைவாகத்தான் விழுங்கும். தூக்கத்தைக் கலைக்க உங்களுக்கு மனசு வராது, ஆனாலும் எழுப்புங்கள். தாய்ப்பாலோ பாட்டிலோ சிப்பரோ, கொஞ்சம் கொஞ்சமாக அந்த அரை மணி நேரமும் நீடிக்கிற மாதிரிக் கொடுங்கள். சப்புவதற்கு மிட்டாய் கொடுக்காதீர்கள். இந்த வயதில் தொண்டையில் சிக்கும். அழுதாலும் காது திறக்கத்தான் செய்யும் என்பதால் அழுகிறாளே என்று பதற வேண்டாம்.

ஸ்ட்ரா வைத்த சிப்பரில் ஒரு வேடிக்கை உண்டு. தரையில் மூடியது மேலே போனதும் உள்ளே அழுத்தம் மிகுந்துவிடும். திறந்தால் முன்வரிசைக்காரர் வரை பீய்ச்சும். துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திறங்கள்.

இப்போது காதில் தொற்றோ கடும் சளியோ இருந்தால் கிளம்பும் முன் ஒருமுறை காதைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். காற்று போய்வரச் செவிப்பறையில் மருத்துவர் சின்னக் குழாய் பொருத்திய குழந்தைகளுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை.

மேலே இருக்கும் நேரம்

ஏறும்போது குழந்தையோடு வருபவர்களை முதலில் அழைப்பார்கள். அப்போது பைகளோடு கணவர் மட்டும் போய் இருக்கையைத் தயார் செய்யட்டும். நீங்கள் கடைசி அழைப்பு வரை அவளைக் கேட் பக்கத்தில் ஓடவிடுங்கள். 14 மணி நேரத்தோடு இன்னொரு 40 நிமிடத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன?

உள்ளே போனதும் நேரத்தைப் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் ஒருவர் பொறுப்பு, மற்றவர் கண்ணை மூடட்டும். இருவரும் விழித்திருந்து சேர்ந்தே பார்த்துக்கொள்ளும் தம்பதிகள்தான் பத்தாவது மணி நேரத்தில் சண்டை போட்டுக்கொள்வார்கள். சாப்பாடும் அப்படியே முறை வைத்துத்தான். ஒரு தட்டைப் பிறகு கொடுங்கள் என்று கேட்டால் ஊழியர்கள் எடுத்து வைப்பார்கள். குழந்தை மடியில் இருக்கும்போது சூடான டீ, காபி வாங்காதீர்கள். விமானத்தில் நான் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். நடைபாதை ஓரத்தில் அவளை உட்கார வைத்தாலும் சாப்பாட்டு வண்டி வரும்போது கையும் காலும் நசுங்கும்.

பாலுக்கும் குழந்தை உணவுக்கும் 100 மில்லி திரவ விதியில் விலக்கு உண்டு. சோதனையில் தனியாக எடுத்துக் காட்டுங்கள். பால் பவுடரை ஒரு வேளைக்கு ஒன்றாகப் பிரித்து எடுத்துப் போங்கள். ஊழியர்கள் தரும் வெந்நீர் மிகவும் சூடாக இருக்கும், ஆறவைக்கக் கையில் பாட்டில் தண்ணீர் வேண்டும். கழிப்பறைக் குழாய்த் தண்ணீரில் பால் கலக்க வேண்டாம். உள்ளே காற்று மிகவும் வறண்டது. ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம்தான் இருக்கும். அவள் கேட்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

டயப்பர் ஒரு நாளைக்கு ஆவதைப் போல் இரண்டு மடங்கு. ஒரு டயப்பர், கொஞ்சம் ஈரத்துணி, ஒரு கவர் ஆகியவற்றைச் சின்னப் பையில் தனியாக வைத்தால் அந்தக் குறுகிய கழிப்பறைக்குள் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்காது. மாற்றும் பலகை எல்லாக் கழிப்பறையிலும் இருப்பதில்லை, ஊழியரிடம் கேளுங்கள். அவளுக்கு இரண்டு மாற்று உடை வைக்கும்போது உங்களுக்கும் ஒரு மேல்சட்டை வையுங்கள். வாந்தி பெரும்பாலும் அம்மா மேல்தான் விழும்.

இப்போது பொம்மை. இந்த வயதில் ஒன்றில் கவனம் நிற்பது சில நிமிடங்கள்தான். ஸ்டிக்கர், தண்ணீர் தொட்டு வரையும் அட்டை, சில வாரமாக ஒளித்து வைத்த பழைய பொம்மைகள் போதும். ஒவ்வொன்றாக எடுங்கள். உருண்டு ஓடுவதும் சத்தம் போடுவதும் வேண்டாம். திரையைக் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். அந்த ஒரு நாளுக்காக எந்தக் குழந்தையும் கெட்டுப்போகாது. இன்டர்நெட்டை நம்பாமல் முன்கூட்டியே டவுன்லோட் செய்யுங்கள். ஹெட்போனை வீட்டில் பழக்கிவிடுங்கள், ஒலி அளவுக்கு வரம்பு வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். எஞ்சின் இரைச்சலை மீறிக் கேட்க வேண்டும் என்று நாம் அறியாமலே ஒலியைக் கூட்டிவிடுவோம்.

அழுதால் சுற்றியிருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நினைத்துக்கொண்டுதான் இருப்பீர்கள். மன்னிப்புக் கேட்டுப் பரிசுப் பை கொடுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தேவையில்லை என்பது என் எண்ணம். நடைபாதையில் தூக்கிக்கொண்டு நாலு நடை நடங்கள், அதுவே போதும்.

போய் இறங்கிய பிறகு

ஊர் நேரத்துக்குப் பழகச் சுமாராக ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் ஆகும். கிழக்கு நோக்கிப் போனால் இன்னும் கடினம். நடுராத்திரி எழுந்து விளையாடக் கூப்பிடுவாள். விளக்கைப் போடாமல், பேச்சுக் கொடுக்காமல், பசித்தால் கொஞ்சம் கொடுத்து மீண்டும் படுக்க வையுங்கள். பகலில் வெளிச்சத்தில் இருக்கட்டும், மதியத் தூக்கத்தை இரண்டு மணி நேரத்தோடு எழுப்பிவிடுங்கள். முதல் இரண்டு நாளுக்கு விருந்து, சந்திப்பு எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். தூக்கத்துக்குக் கொடுக்கும் மெலடோனின் மருந்து, மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

இறங்கிய அன்று காதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது சகஜம். அடுத்த நாளும் காதை இழுத்துக்கொண்டு அழுதாலோ, காய்ச்சல் வந்தாலோ, காதிலிருந்து நீரோ சீழோ வடிந்தாலோ அந்த ஊர் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். காதில் எந்தச் சொட்டு மருந்தும் நீங்களாக விட வேண்டாம்.